குண்டெழுத்தும் கடிநாயும்

இந்தக் காலத்து ஆட்கள் எதைக் கண்டாலும் சிரிக்கிறார்கள், பயம் விட்டுப் போச்சு என்பது கிழவரின் தீராத புலம்பல். பயப்பட வேண்டியதற்குப் பயந்தால்தானே நாய்க்கும் மரியாதை, நாய்க்குச் சோறு போடுகிறவனுக்கும் மரியாதை?

அவருடைய நாய் அதுவரை மூன்று பேரைக் கடித்திருந்தது. தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர், மருமகன். மருமகனைக் கடித்ததை அவர் கடியில் சேர்ப்பதில்லை. தெருச் சங்கம் சேர்த்தது. இன்னொரு கடி விழுந்தால் நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று செயலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மனைவி போன பிறகு கிழவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச வீட்டில் மிச்சமிருந்தது அந்த நாய் ஒன்றுதான்.

கேட்டில் அவரே கரிக்கட்டையால் எழுதிய எச்சரிக்கை இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை; எழுத்தெல்லாம் முள்வேலி. மழையில் அது கரைந்துபோக, ஸ்டிக்கர் கடைக்குப் போனார்.

“நாய் கடிக்கும்னு பெருசா வெட்டிக் குடும்மா. பாக்கிறவன் அலறணும்.”

கடைக்காரப் பெண் வெட்டிக் கொடுத்ததைப் பார்த்து அலறியது அவர்தான். ஒவ்வொரு எழுத்தும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு மல்லாந்து கிடப்பதுபோல் கொழுகொழுவென்று உருண்டிருந்தது. புள்ளிகூடப் பூசணிக்காய் கணக்காக உட்கார்ந்திருந்தது.

“இதென்ன நாய் கடிக்கும்னு சொல்லுதா, தாலாட்டுப் பாடுதா?”

“கூரான எழுத்துன்னா வெயில்ல மூலையிலேர்ந்து உரிஞ்சு வந்துடும் பெரியப்பா. இதுக்கு மூலையே இல்ல. தெருக்கோடியிலேர்ந்தே படிக்கலாம். கடுதாசி எழுத ஆகாது, ரெண்டு வார்த்தைக்கு இத அடிச்சுக்க ஆளில்ல.”

“பயம் வேணும்மா, பயம்!”

“அதுக்கு நீங்களே கேட்டுல நின்னா போதுமே!”

அது பொய்யென்று கிழவரால் சொல்ல முடியுமா? தினம் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்கிறவர்தானே. வாங்கிவந்து கேட்டில் ஒட்டினார்.

முன்பெல்லாம் வருகிறவர்கள் குடையை ஓங்கிக்கொண்டு வருவார்கள், உறுமல் கேட்டதும் ஓடுவார்கள், நாயும் பின்னாலேயே ஓடும். இப்போது கேட்டருகே நின்று அந்த எழுத்தைப் படித்துச் சிரித்துவிட்டு நிதானமாக உள்ளே வந்தார்கள். யாரைத் துரத்துவதென்று நாய்க்கே குழப்பம்.

ஒருநாள் செயலாளர் நாயைப் பற்றி விசாரிக்க வந்தார். அவரும் சிரித்தார். சிரித்த வாயோடு கேட்டைத் திறந்து நாயை நோக்கிக் கையை நீட்டினார். கிழவர் நாயின் சங்கிலியைப் பிடிக்கப் பாய்ந்தார். நாய் அந்தக் கையை முகர்ந்தது, யோசித்தது, செயலாளரின் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

“நாய் இங்கயே இருக்கட்டும் பெரியவரே. அந்த எழுத்தப் பாத்தா ஓடவே தோணல. நாம ஓடினாத்தானே அது துரத்தும்?”

நாய் தப்பியதில் கிழவருக்கு ஏக நிம்மதி. அதை வெளியே காட்டினால் அவர் அவரா?

“எழுத்தாவது, மண்ணாங்கட்டியாவது. அதுக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல” என்று சொல்லிவிட்டு, நாயைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.