வாத்தியார் சேலஞ்ச் செய்த வார்த்தை

எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை கோக்கும் ஆட்டத்தின் இறுதிப் போட்டி அது. ஜெயிப்பவர் நாட்டு அணியோடு வெளிநாடு போகலாம். எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணனும் தங்கையும். அண்ணன் முப்பது வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார். தங்கை லாரி உதிரிபாகக் கடையில் கவுண்டர் பார்ப்பவள். டிரைவர்களோடு வாயாடியே இங்கிலீஷ் பிடித்தவள். அண்ணனை ஒருமுறைகூட அவள் ஜெயித்ததில்லை.

இப்போது பதினேழு புள்ளி பின்னால் இருந்தாள். பையில் கட்டை தீர்ந்துவிட்டது. வாத்தியார் நடுவில் வைத்திருந்த 'எனிவே'யையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. வாலில் ஒரு எஸ் ஒட்டினால் 'எனிவேஸ்'. அவள் தினமும் சொல்கிற வார்த்தை, சாப்பாட்டு மேஜையில் அண்ணன் தினமும் திருத்துகிற வார்த்தை. ஆட்டத்தின் சொற்பட்டியலில் இருக்குமா, யார் கண்டது? வருவது வரட்டும் என்று எஸ்ஸில் தொடங்கிக் கீழ்நோக்கி மூன்று கட்டைகளை வைத்தாள். பத்தொன்பது புள்ளி. இரண்டு புள்ளி முன்னால் வந்துவிட்டாள், கையில் இன்னும் ஒரே கட்டை.

வாத்தியாரின் மூக்கு சிவந்தது. "சேலஞ்ச்."

"நல்லா யோசிச்சுக்கோண்ணா. தப்பாப் போனா உன் டர்ன் போயிடும்."

"யோசிக்க என்ன இருக்கு? இதெல்லாம் ஒரு இங்கிலீஷா?"

சேலஞ்ச் செய்தவரே தன் கையால் கம்ப்யூட்டரில் அந்த வார்த்தையை அடிக்க வேண்டும் என்பது விதி. மனுஷன் ஆயுளில் எழுதாத வார்த்தை. ஆறு எழுத்தைப் படபடவென்று அடித்தவர், கசப்பு மருந்தை விழுங்குகிறவர் போல ஒரு நொடி நின்று ஏழாவதையும் அடித்தார். திரை பச்சையானது. வார்த்தை செல்லும்.

அவள் பலகைக்கு ஓடி வந்து கடைசிக் கட்டையை வைத்தாள். ஜெயித்துவிட்டாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் அண்ணனின் கட்டைகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை தயாராக நின்றது. பலகையில் அதற்கு இடமும் இருந்தது. பேசாமல் அதை வைத்திருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார்.

"ஏண்ணா, இதை வச்சிருக்கலாம்ல?"

"அந்த எஸ்ஸைப் பாத்ததும் வேற எதுவுமே கண்ணுக்குத் தெரியலம்மா."

முகத்தில் ஈயாடாமல் கட்டைகளைப் பையில் அள்ளிப் போட்டார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எனிவேஸ்," என்றார், கடைசி எழுத்தை அழுத்தி. "பாஸ்போர்ட் எடுத்துட்டியா?"