ரிவர்ஸில் கோர்ட்டுக்கு

அன்று காலை வெர்லீனின் கார் முன்னால் போக மறுத்துவிட்டது. எந்தக் கியரில் போட்டாலும் இஞ்சின் உறுமியதே தவிர, சக்கரம் அசையவில்லை. ரிவர்ஸில் போட்டால் மட்டும் அதற்காகவே பிறந்ததுபோல ஓடியது.

"சனியனே, இன்னைக்குத்தானா?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. திவாலான அவளுக்குக் கோர்ட் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருந்தது. வீட்டுக்கடன், கார்க்கடன் இரண்டுக்கும் தவணை அவள் சம்பளத்திலிருந்தே போய்விடும். ஆனால் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிறவளுக்குக் கார் இல்லையென்றால் கால் இல்லை. கார் அடிக்கடி படுத்தது, வேலைக்குப் போகாத நாள் கூடியது, தவணை நின்றது. வேறு கார் வாங்கலாமென்றால் நீதிபதி சம்மதமில்லாமல் முடியாது. தவணை வசூலிக்கிற அதிகாரி திட்டத்தையே ரத்து செய்யச் சொல்லி மனுப்போட்டுவிட்டார். இன்று செல்மா நகரக் கோர்ட்டில் விசாரணை. நேரில் போய் நிற்காவிட்டால் திட்டம் போச்சு, அதன் பின்னாலேயே வீடும் போச்சு.

"நம்ம சர்ச் டீக்கனுக்கு ஒரு போன் போடுறேன். வந்து கூட்டிட்டுப் போவாரு," என்றான் கணவன் லூஷியஸ். கோர்ட்டுக்கென்று இருந்த ஒரே கறுப்புக் கோட்டை மாட்டியிருந்தான்.

"போடு, போடு. நான் திவாலான கதைய ஞாயித்துக்கிழமை சர்ச்சே சேர்ந்து பாடட்டும். இத்தனை நாள் மூடி வச்சது எதுக்கு?"

"அப்ப எப்படித்தான் போறது?"

"அது எப்படிப் போகுதோ அப்படி. ஏறு."

வெர்லீன் ஒரு பிடிவாதக்காரி. மானம் போவதைவிடக் கழுத்து சுளுக்குவது மேல் என்று நினைக்கிற ரகம். இடதுகையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலதுகையை அவன் இருக்கைமேல் போட்டு, உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி காரைச் சாலைக்கு இறக்கினாள். நான்கு பக்கமும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கார் மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது.

லூஷியஸ் நேராக உட்கார்ந்திருந்தான். அதனால் பின்தொடர்ந்த முதல் காரை ஓட்டிய அம்மாளுக்கு அவன் முகம் நேருக்கு நேராகத் தெரிந்தது. பெரிய ஊதாத் தொப்பி வைத்த அம்மாள். கறுப்புக் கோட்டையும் எண்ணெய் வடிந்த முகத்தையும் மினுக்கும் விளக்கையும் பார்த்தாள். கார் ஏன் தன்னைப் பார்த்தபடி பின்னால் போகிறது என்று ஒரு கணம் குழம்பியிருப்பாள். சாவு ஊர்வலம்தான், இப்படிப் போவது செத்தவரின் கடைசி ஆசையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்போல. சாவு ஊர்வலத்தில் போகிறவர்கள் செய்வதுபோலத் தன் முகப்பு விளக்கைப் போட்டு, மரியாதையாக இடைவெளி விட்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவனும் விளக்கைப் போட்டான். சாவு ஊர்வலத்தை அந்த ஊரில் யாரும் முந்தமாட்டார்கள். முந்தினால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு நிற்காது.

"வெர்லீன், நமக்குப் பின்னால ஒரு பட்டாளமே வருது."

"என்கிட்ட ஏன் சொல்ற? எனக்கு எது முன்னால, எது பின்னாலன்னே தெரியல!" என்று சீறியவள், கழுத்தைத் திருப்ப முடியாமல் கார் போகிற திசையிலேயே பார்த்தாள்.

எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டி நின்றன. மலைபோல மரம் ஏற்றிவந்த லாரிகள்கூட மூச்சு வாங்கி நின்றன. டிரைவர்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்தவன் மிஷினை அணைத்துத் தலைகுனிந்தான். நெடுஞ்சாலைச் சந்திப்பில் ஷெரிஃபின் போலீஸ்காரன் ஓடிவந்து நாலாபக்கமும் போக்குவரத்தை நிறுத்தி, விறைப்பாக நின்றான். அவன் நிறுத்தவேண்டியது உண்மையில் அவள் காரைத்தான்.

வெர்லீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடன்காரர்களின் போனுக்குப் பயந்து திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தவள் அவள். அவளுக்காக ஒரு நாடே வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பதுபோல இருந்தது. இது தனக்கு உரியதல்ல என்று தெரிந்தும் கண்ணீர் கொட்டியது. பாதை மங்கினாலும் ஸ்டியரிங்கை விடவில்லை.

கோர்ட் வாசலில் கார் நின்றதும் பின்னால் வந்தவர்களும் நிறுத்தி இறங்கினார்கள். ஊதாத் தொப்பி அம்மாள் வந்து வெர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தவறினது யாரு கண்ணு? அம்மாவா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். லூஷியஸ் அதற்குள் வாயைத் திறந்துவிட்டான். வெர்லீன் அவனைத் தடுத்தாள். இத்தனை பேர் தொப்பியைக் கழற்றிய பிறகு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"யாரும் சாகலைம்மா. கார்தான் செத்துப்போச்சு, பின்னால மட்டுந்தான் ஓடுது. நான் திவாலானவ. என் வீடு நிக்குமா போகுமான்னு இன்னைக்கு உள்ள சொல்லப்போறாங்க."

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

"மாடி ஏறி இடப்பக்கம்," என்றாள் அம்மாள். "எனக்கு வழி தெரியும். நானும் இங்க தவணை கட்டி முடிச்சவதான். வா, பாதி வழியில விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல."

அவள் முன்னே நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்தார்கள். சிரித்தவனும் வந்தான்.

நீதிபதி தலை நிமிராமலே, "வெர்லீன் ஹார்டவே வழக்குக்கு யார் வந்திருக்கீங்க?" என்றார். வெர்லீன் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வசூல் அதிகாரியின் வக்கீல் திரும்பிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார்.

கார் கதையை வெர்லீன் ஒளிக்காமல் சொன்னாள், ரிவர்ஸில் வந்ததையும் சேர்த்து. நீதிபதி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மனுவை வற்புறுத்தவில்லை. பழைய காரை, கடன் கொடுத்தவரிடமே ஒப்படைத்துவிடலாம், ஓடுகிற கார் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், விட்ட தவணையைக் கடைசியில் சேர்த்துக் கட்டலாம் என்று தீர்ப்பானது. திட்டம் நின்றது. வீடும் நின்றது.

"இவங்கல்லாம் உங்க குடும்பமா?" என்று கேட்டார் நீதிபதி.

வெர்லீன் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஒருத்தர் பேருகூட எனக்குத் தெரியாதுங்கய்யா," என்றாள்.

அவள் உட்காரும்வரை அவர்களில் யாரும் உட்காரவில்லை.