குறுக்குத்துறையில் மூன்று கையெழுத்து

மூன்று துறைத் தலைவர்களைத் தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, நாலே நிமிடத்தில் கையெழுத்து வாங்கிய மனிதன் பூமியில் தான் ஒருவன்தான் என்றார், கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாத்துரை.

தச்சநல்லூரில் போர்டு எழுதும் இசக்கிமுருகன் குனிந்து பார்த்தார். "கழுத்தளவா? வேட்டி முழங்கால் வரைக்கும்தான் நனைஞ்சிருக்கு, அண்ணாச்சி."

"ஆறு எனக்கு மரியாதை குடுத்துச்சு வே!"

விஷயம் இதுதான். அப்பாத்துரையின் மகள் பெர்லின் கல்லூரியில் தொடங்க நினைத்த ஆய்வு மையத்துக்கான விண்ணப்பம் இன்று பத்து மணிக்குள் போகாவிட்டால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு வீண். விலங்கியல், வேதியியல், வரலாறு மூன்றின் தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். மூவருமே, "என் துறைக்கு வரட்டும்" என்று நகர மறுத்தார்கள். பெர்லின் 'பல்துறை மையம்' என்று எழுதியிருந்தாள்.

"பல்துறைன்னா அவனவன் அவனவன் துறையில குளிச்சிட்டுப் போயிருவான், தாயி. குறுக்க நீந்துனாத்தான் உன் மையம்" என்று அதை அடித்து 'குறுக்குத்துறை' என்று மாற்றிய அப்பாத்துரை, 'குறுக்குத்துறைக் கூட்டம், காலை ஏழு மணி' என்று நேற்றே அழைப்பு அனுப்பினார். இடம் போட மறந்துவிட்டாராம்.

"வேற ஊர்க்காரன்னா எங்கன கூட்டம்னு கேப்பான். நம்மாளு கேப்பானா? மூணு பேரும் நேரா நம்ம குறுக்குத்துறை ஆத்துப் படித்துறைக்கே வந்துட்டாவ!"

வந்தவர்கள் முதலில் முறைத்துக்கொண்டார்கள். படியில் ஏன் நத்தையே இல்லை என்று விலங்கியல் செந்தில்முருகன் குனிந்தார். தண்ணீரைச் சோதிக்கணும் என்று வேதியியல் சாலோமி ஒரு படி இறங்கினார். இந்தக் கல்லே பிற்காலத்தது என்று வரலாறு ஃபர்ஹத் இன்னொரு படி இறங்கினார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மூவருமே இறங்கினார்கள். ஒவ்வொருவர் கேள்விக்கும் பதில் அடுத்தவர் துறையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பாத்துரை விண்ணப்பத்தை நீட்டி, வைத்துக் கையெழுத்துப் போட முதுகை வளைத்துக் கொடுத்தார்.

"அந்தக் காயிதம் எங்க?" என்றார் இசக்கிமுருகன்.

"பெர்லின் கொண்டுபோய்ச் சேத்துட்டா. நீரு போர்டை எழுதும். குறுக்குத்துறை ஆய்வு மையம்."

"அத்தாட்சி இல்லாம பிரஷைத் தொடமாட்டேன். ஆத்தைக் கொண்டுபோய் காலேஜுக்குள்ள வச்சுட்டான்னு என்னைத்தான் சிரிப்பானுவ."

அப்பாத்துரை கோபித்துக்கொண்டு திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகில், ஈரக் காகிதத்தைத் தாண்டி ஊறிய நீல மையில், மூன்று கையெழுத்துகள். சாலோமியின் கையெழுத்தைப் பார்த்தே அவர் வீட்டுப் பெயர்ப்பலகை எழுதிய இசக்கிமுருகனுக்கு அந்தச் சுழித்த 'சா' தெரியாதா?

அவர் பிரஷை எடுத்தார்.

"நடந்துதான் இருக்கு, அண்ணாச்சி. ஆனா முழங்காலளவுதான்."