மூமூணு மடிப்பு

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள். மேல்மாடி டாக்டருக்கு மாற்றல் வந்த சேதி டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் இஸ்திரி மேஜைக்குத் தெரிந்திருந்தது என்றால் சும்மாவா? சும்மா சொல்லக்கூடாது, சுவையாகவும் சொல்வாள். யாரைப் பற்றிப் பேச்சோ அவர்களைப் போலவே நடந்து, இழுத்து, மூக்கால் பேசிக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து மற்றவர்களுக்கு வயிறு வலிக்கும்.

அவளுடைய நாத்தனாருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். புருஷனின் தங்கை, ஒரே வீட்டில் இருப்பவள். தற்காலிக வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். கை சுத்தம், வேலை சுத்தம். வாய்தான் ஒத்துழைக்காது. திக்குவாய். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்பவர் இரண்டு வேலை முடித்துவிடலாம்.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் அந்த நாத்தனார் தானாகவே வாயைத் திறந்தாள். குழந்தைகள் வார்டு விரிப்பும் பெரியவர்கள் விரிப்பும் மடித்துவிட்டால் ஒன்று போலவே இருக்கும். நர்சுகள் அவசரத்தில் மாற்றி எடுத்து, உதறிப் பார்த்து, கீழே எறிந்துவிடுவார்கள். எறிந்தது அழுக்கில் சேர்ந்து திரும்ப இங்கேயே வந்துவிடும். அதற்கு அவளுக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

"கு... குழந்தைங்களோடத மட்டும் மூ... மூ... மூணா மடிச்சா..."

"மூ... மூ... மூணா மடிச்சா மு... மு... முழுசா விடிஞ்சிரும்!" என்றாள் ரேடியோ, அதே கண் சிமிட்டலோடு, அதே தாடை இழுப்போடு.

மேஜை குலுங்கியது. ஒருத்திக்குப் புரையேறியது. நாத்தனாரும் சிரித்தாள். பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அதற்கப்புறம் அங்கே அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை நர்ஸ் ஆங்காரத்தோடு வந்து நின்றார். "விரிப்பு மாறி மாறிப் போகுதுன்னு எத்தனை தடவைதான் சொல்றது? உங்கள்ல ஒருத்திக்குக்கூடவா மூளை இல்ல?"

ரேடியோவுக்கு வாய் சும்மா இருக்குமா? "குழந்தைங்க பெட்ஷீட்டை மூணா மடிச்சிடுவோம் மேடம். பெரியவங்களோடது எப்பவும் போல நாலு. உதறிப் பார்க்கவே வேணாம், கை வெச்சாலே தெரிஞ்சிடும்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சொல்லும்போது அது தன்னுடைய யோசனை என்றுதான் அவளுக்கே தோன்றியது. தலைமை நர்ஸ் அவள் தோளில் தட்டிவிட்டுப் போனபோதுதான் சுருக்கென்றது. நாத்தனார் தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்று தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

யோசனை ஒரே வாரத்தில் வார்டு வார்டாக ஏறியது. நர்சுகள் வழியாக அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனது. கூடவே அதன் பேரும் போனது. சலவைக்கூடத்தில் யாரும் அதை மூணு மடிப்பு என்று சொல்வதில்லை. "ஏய், இதை மூமூணு போடு" என்பார்கள். ரேடியோவின் அன்றைய நடிப்பு அவ்வளவு பிரமாதம்! முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பிறகு சிரிப்பு போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து எட்டுப் பெண்கள் பழகிக்கொள்ள வந்தார்கள். ரேடியோதான் செய்து காட்டினாள். அதில் ஒரு சின்னப் பெண், பாவம், நோட்டும் பேனாவுமாக ரொம்பச் சிரத்தை.

"மூமூணுன்னு ஏன்க்கா பேரு வந்துச்சு?"

உள்ளூர்க்காரிகள் எல்லோரும் கையிலிருந்த துணியைப் பார்த்தார்கள். நாத்தனார் இரண்டடி தள்ளி, ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அது... குழந்தைங்க துணியில்ல? அதான் மழலையா ஒரு பேரு வெச்சோம்" என்றாள் ரேடியோ.

"அழகா இருக்குக்கா" என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ரேடியோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாத்தனாரின் கையிலிருந்த நுனி ஒருமுறை நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜர் ரேடியோவைக் கூப்பிட்டார். பயிற்சி கொடுக்க ஓர் ஆளை நியமிக்கிறார்களாம். நீராவியில் நின்று வேக வேண்டாம், நாற்காலி உண்டு. யோசனை யாருடையதோ அவருக்குத்தான் அந்த வேலை. அவர் தற்காலிகமாக இருந்தால்கூட நிரந்தரமாக்கிவிடுவார்களாம். நாத்தனாரின் சீட்டு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. 

"சார், அது என் நாத்தனாரோட யோசனை."

மேனேஜர் சிரித்தார். "அந்தப் பொண்ணா? அது வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லையேம்மா. சொந்தக்காரப் பொண்ணை உள்ள கொண்டுவரணும், புரியுது. உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா இப்படியெல்லாம் செய்ய முடியாது."

இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். முதலில் கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள், இழுத்து வந்து நிறுத்தியிருக்கலாம். அன்று சாப்பாட்டு அறையில் நான் என்ன செய்தேன் தெரியுமா சார் என்று ஆரம்பித்தாலே போதும், அவர் நம்பியிருப்பார். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? அவள் நின்றாள். நாற்காலியும் ஒரு கணம் கண்ணில் பட்டது. "சரி சார்" என்று வந்துவிட்டாள்.

அவள் வாயிலிருந்து வந்த எந்தச் சேதியும் அதுவரை நொண்டியதில்லை. இந்த ஒன்று மட்டும் மேனேஜர் அறை வாசலைத் தாண்டும்போதே வேறாகிவிட்டது. சாயங்காலம் இஸ்திரி போடும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாத்தனாருக்காக உன் பேரையே விட்டுக்கொடுக்கப் பார்த்தியாமே! யாருக்குடி வரும் அந்த மனசு?" ரேடியோ கையை உருவிக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாதம் முடிந்தது. சீட்டைப் புதுப்பிக்கவில்லை. நாத்தனார் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவுக்கு வேலை கேட்டுப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது ரேடியோ அடுப்படியில் இருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"எ... எடுத்துக்கிட்டாங்க அண்ணி. தி... திங்கள்லேருந்து."

"என்ன கேட்டாங்க?"

நாத்தனார் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அ... அங்கயும் கு... குழந்தைங்க கட்டில் விரிப்புக்கு அதுதானாம். மூமூணு மடிப்பு தெரியுமான்னு கேட்டாங்க. ம... மழலைப் பேருன்னு விளக்கமும் சொன்னாங்க. யா... யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. எங்க அண்ணிகிட்டன்னு சொன்னேன்."

ரேடியோ அடுப்பை அணைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினாள். மன்னித்துவிடு என்ற வார்த்தை தொண்டைவரை வந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. வாய் திறந்தபடி நின்றாள். நாத்தனார் பொறுமையாகக் காத்திருந்தாள். காத்திருந்து பழக்கப்பட்டவள். வரவில்லை என்று தெரிந்ததும் அவளே பேசினாள்.

"எல்லாரும் இப்ப அ... அப்படித்தானே சொல்றாங்க அண்ணி. அந்த ஒரு வா... வார்த்தையில மட்டும் நான் திக்குறது யாருக்கும் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொடியிலிருந்து துணிகளை எடுத்து வர வெளியே போனாள்.