ஏழு இருபது வகுப்பில் மதிப்பீட்டுக் குழு

இரண்டு கண்ணிலும் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அந்த லென்ஸுகளின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், கீழே வருவதில் ஒரு சொல்கூட நான் சேர்த்தது இல்லை. குறைத்தது உண்டு. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பட்ட இரண்டு மூன்று விஷயங்களை விட்டுவிட்டேன்.

அந்த மார்ச் மாதக் காலை ஆறே முக்காலுக்கு, மாட்டுங்கா ஓட்டலில், நிகில் இரண்டாவது பிளேட் பொங்கலுக்குக் கை காட்டினார். எதிரே பத்மஜா மேடம் தன் பொங்கலை முடித்துவிட்டு வடையைச் சாம்பாரில் அழுத்திக்கொண்டிருந்தார். நான் வெறும் காபி. அன்று ஏகாதசி. எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு: எந்தக் கமிட்டி வந்தாலும் முதலில் டிபன், அதன் பிறகுதான் காகிதம். முப்பத்தொரு வருடம் அந்த ஆபீஸில் இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் சூப்பரின்டெண்டென்டாக. கமிட்டிகளை ஓட்டலுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. வயிறு நிறைந்த கமிட்டி கேள்வி குறைவாகக் கேட்கும் என்பது எனக்கு முந்தைய சூப்பரின்டெண்டென்டின் கண்டுபிடிப்பு.

இந்தக் கமிட்டி வேறு மாதிரி. வேலை நிரந்தரமான பேராசிரியர்களை யாரும் அசைக்க முடியாது என்றுதான் அதுவரை இருந்தது. டிரஸ்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அதை மாற்றினார்கள். நூற்றுக்கு ஐம்பது எடுக்காத பர்மனென்ட் பேராசிரியருக்கு இனி வகுப்பு கிடையாது. ஓய்வு பெறும் வரை நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. மதிப்பெண் போட இரண்டு பேர். பத்மஜா மேடம் செம்பூரில் ஒரு கல்லூரியின் முன்னாள் முதல்வர். நிகில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருந்து வந்தவர், முப்பத்திரண்டு வயது, செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்தான், தமிழ் பேசுவார், படிக்க வராது. கையில் இருபது பத்திகள் கொண்ட படிவம். அன்றைக்கு முதல் ஆள் கெமிஸ்ட்ரி ஞானசீலன்.

ஞானசீலன் தாராவிக்காரர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தோல் வேலைக்கு வந்தவர். இவர் இருபத்தொன்பது வருடமாக எங்கள் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சீலிங் ஃபேன் பேசக் கற்றுக்கொண்டால் அப்படித்தான் பேசும். காலை ஏழு இருபது வகுப்பில் அவர் வாயைத் திறந்த பதினோராவது நிமிடம் எழுபத்திரண்டு மாணவர்களும் தூங்கிவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே ஹார்பர் லைன் மின்சார ரயில் வண்டி போகும், கண்ணாடி அதிரும், ஒருவரும் அசையமாட்டார்கள். ஒரு முறை வென்டிலேட்டரில் உட்கார்ந்திருந்த புறா உறங்கிப்போய் உள்ளே விழுந்தது. விழுந்தும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்த பிறகுதான் பறந்தது. இதை நான் ஆபீஸ் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் பரீட்சையில் தூங்கியவர்கள் அத்தனை பேரும் பாஸ். ஒரு வருடம் இல்லை, இருபத்தொன்பது வருடமும். தூங்கும்போது காதுக்குள் போனது அப்படியே தங்கிவிடும். முழித்திருந்து நோட்ஸ் எடுத்த பையன் ஒருவன் மட்டும் ஒரு வருடம் ஃபெயில் ஆனான். அவனைப் பற்றி ஞானசீலன் இன்னமும் வருத்தப்படுவார்.

இது படிவத்தில் எங்கே வரும்? ஏழாவது பத்தி: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, எத்தனை மாணவர்களின் கண் ஆசிரியர் மேல் இருக்கிறது என்று எண்ண வேண்டும். பத்தொன்பதாவது பத்தி: வகுப்பு முடிந்ததும் நடத்தியதைத் திருப்பிச் சொல்லத் தெரிகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டுரை, கருத்தரங்கம் என்ற பத்திகளில் அவருக்கு ஏற்கெனவே பூஜ்யம். முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸ் ஜன்னலருகே அவரை நிறுத்தி, ஒரே ஒரு நாளைக்குச் சத்தமாக எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“சீத்தா கேம்ப் குடிசப் பக்கத்துல இருந்து ஒரு புள்ள வருது, சாதனான்னு. ராத்திரி பூரா ஆஸ்பத்திரில ட்யூட்டி பாத்துட்டு நேரா க்ளாஸுக்கு வருது. நான் சத்தம் போட்டா முழிச்சிரும் பஞ்சு சார். முழிச்சா அதுக்குத் தலவலி வரும், கெமிஸ்ட்ரி வராது.”

“உமக்கு வேலை போறது ஓய்.”

“வேல போவாது. க்ளாஸ்தான் போவும்.” பேனா மூடியை இறுக்கினார். “ஆறு வருசம் கெடக்கு சார். லைப்ரரில குந்திக்கிட்டு நான் யார்ட்ட பேச? புஸ்தகத்துக்கிட்டயா? அது முழிச்சிக்கிட்டேல்லா இருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் ஒரு வருடப் பணி நீட்டிப்பு விண்ணப்பம் அப்போது முதல்வர் சாருலதா மேடத்தின் மேஜையில் இருந்தது. யாருக்காகவும் வாயைத் திறக்கிற நிலையில் நான் இல்லை என்பதை ஞானசீலனும் அறிவார்.

ஏழு இருபதுக்குக் கமிட்டியைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, விதிப்படி நான் சாட்சியாகக் கதவோரம் நின்றேன். ஞானசீலன் கரும்பலகையில் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று எழுதினார். எழுதும்போது சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. பிறகு திரும்பி, பேச ஆரம்பித்தார். சத்தமாகத்தான் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் தாங்கியது. மூன்றாவது பெஞ்சில் சாதனா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர முயன்றாள். அவர் அவளைப் பார்த்தார். குரல் தானாகத் தன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாவது நிமிடம் நிகில் எண்ணி நாற்பத்தாறு என்று எழுதினார். பத்தாவது நிமிடம் ஒன்பது. பதினைந்தாவது நிமிடம் பூஜ்யம் போட்டுவிட்டு, பக்கத்தில் திரும்பிப் பத்மஜா மேடத்திடம் காட்டினார். மேடத்துக்கு முப்பத்து நான்கு வருடம் கூட்டங்களில் உட்கார்ந்த அனுபவம்; முதுகு நேராக, பேனா காகிதத்தின் மேல், கண் பாதி திறந்தபடி, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நிகில் பயந்துபோனார். அதை நான் பார்த்தேன். கையைக் கிள்ளிக்கொண்டார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். எழுந்து சுவரில் சாய்ந்து நின்றார். போனில் தன் படத்தைத் தானே எடுத்துப் பார்த்தார், கண் திறந்திருக்கிறதா என்று. பொங்கல் தன் வேலையைச் செய்தது. பத்தொன்பதாவது நிமிடம், நின்ற நிலையில், சுவரோடு மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். வெறும் வயிற்றோடு நின்ற நான் ஒருவன்தான் அந்த அறையில் முழித்திருந்தவன். ஞானசீலனைக் கணக்கில் சேர்க்கவில்லை; அவர் பேசும்போது முழித்திருக்கிறாரா என்பது எனக்கு எப்போதுமே சந்தேகம்.

அவர் நிறுத்தவில்லை. கமிட்டி விழுந்ததைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குரலை ஒரு நூல் அளவுகூட உயர்த்தாமல் மீதி இருபத்தொன்பது நிமிடமும் எடுத்தார்.

மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நிகிலின் சட்டையில் சுண்ணாம்பு. அவருக்குக் கோபம், அதைவிட அவமானம். நேராகச் சாதனாவிடம் போனார்.

“நீ ஃபுல் டைம் ஸோ ரஹி தி, தூங்கிட்டே இருந்தே. பாத்தேன். இன்னைக்கு என்ன டாபிக்? சொல்லு.”

அவள் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, துப்பட்டாவால் வாயோரத்தைத் துடைத்தபடி, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள். வெப்பம் தானாகக் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் போகாது. எந்த எஞ்சினும் வாங்கிய வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றாது. சொன்ன வரிசைகூட அவர் சொன்ன வரிசைதான். கடைசியில், தனித்த அமைப்பில் என்ட்ரோபி எப்போதும் கூடிக்கொண்டே போகும் என்று முடித்தாள்.

“ரிவர்சிபிளா இருந்தா கூடாது, அப்படியே இருக்கும்” என்றார் நிகில்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. அவர் படித்தது எம்.பி.ஏ., அதற்கு முன் பி.ஏ. அந்த வாக்கியத்தை வாழ்க்கையில் முதல் முறையாக அப்போதுதான் சொல்கிறார். கையைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டார். “சரிதான் தம்பி, அத அவ விட்டுட்டா” என்றார் ஞானசீலன், எப்போதும் போல.

பத்மஜா மேடம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சரித்திரப் பேராசிரியர். “கார்னோ எஞ்சின் நாலு ஸ்டெப்” என்றார் யாரிடமோ. “எனக்கு எப்படித் தெரியும் அது?”

இங்கேதான் சிக்கல் வந்தது. பத்தொன்பதாவது பத்தியில் முழு மதிப்பெண் போட்டால் ஞானசீலனுக்கு ஐம்பத்து மூன்று வரும். ஆனால் படிவத்தின் அடியில் ஒரு உறுதிமொழி இருந்தது: முழு வகுப்பையும் விழிப்போடும் கவனத்தோடும் பார்த்தேன். அதில் இருவரும் கையெழுத்திட வேண்டும், சாட்சியும் கையெழுத்திட வேண்டும். உறுதிமொழி இல்லாத படிவம் செல்லாது. செல்லாத படிவத்துக்குப் பூஜ்யம். தூங்கினோம் என்று உண்மையைச் சொன்னால் அவருக்கு வகுப்பு போகும். முழித்திருந்தோம் என்று பொய் சொன்னால் நிற்கும். நிகில் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். பத்மஜா மேடம், நான் இதுவரை பொய்யில் கையெழுத்துப் போட்டது கிடையாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஞானசீலன் டஸ்டரை எடுத்துப் பலகையை ஓரத்தில் இருந்து அழிக்கத் தொடங்கியிருந்தார், மெதுவாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சாதனா போகாமல் பெஞ்சிலேயே நின்றாள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சாருலதா மேடம் வந்தார். படிவத்தை வாங்கி இரு பக்கமும் பார்த்தார். நிகிலின் சட்டைச் சுண்ணாம்பைப் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

“பஞ்சு, நீங்கோ உபவாசம்னா இன்னிக்கு?”

“ஆமாம் மேடம்.”

“அப்போ நீங்கோ முழிச்சிண்டுதான் இருந்திருப்பேள்.” படிவத்தை என் முன்னால் நீட்டினார், சாட்சிக் கையெழுத்துக்கான கோட்டின் மேல் கட்டைவிரல். “சொல்லுங்கோ. கமிட்டி முழிச்சிண்டிருந்துதா?”

ஹார்பர் லைன் வண்டி ஒன்று போயிற்று. கண்ணாடி அதிர்ந்தது. பலகையின் பாதியில் டஸ்டர் நின்றது. ஞானசீலன் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தோள்பட்டை காதருகே ஏறியிருந்தது. டஸ்டரிலிருந்து வெள்ளைப் பொடி அவர் ஷூவின் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

லென்ஸ் சத்தியத்தை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்: அந்த வருடம் மதிப்பீட்டுக் குழு ஒரு வகுப்பறைக்கும் போகவில்லை. பர்மனென்ட் பேராசிரியர்கள் இருபத்தேழு பேருக்கும் முதல்வர் அறையில் உட்கார்ந்து ஒரே மதியத்தில் மதிப்பெண் போட்டார்கள், ஞானசீலனுக்கு முப்பத்தெட்டு என்று டைப் செய்தவன் நான்.