நூரியின் கால் நகங்கள்

ஹாஜி மப்ரூக் போர்வையைக் காலடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தவர், முழங்கால் வரை வந்ததும் கையை நிறுத்தி, மீண்டும் பாதங்களின் பக்கம் குனிந்து பார்த்தார். இறந்தவர்களைக் குளிப்பாட்டும் மையத்து வேலையில் தலைநரைத்த அவர் அப்படித் தயங்கி ஷாத்லி கண்டதில்லை.

"இதக் கொஞ்சம் வந்து பாருங்க."

சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த ஷாத்லி அருகில் வந்தார். இறந்துகிடந்த தம்பி நூரியின் கால் நகங்கள் பத்தும் சிவப்பாக இருந்தன. வெறும் சிவப்பன்று, ஜிகினாத் தூள் கலந்த சிவப்பு. சுண்டுவிரல்களில் நகம் எது, தோல் எது என்று அறிய இயலாதவாறு பூச்சு வழிந்து காய்ந்திருந்தது. ஒரு பெருவிரலில் வெள்ளையால் பூ ஒன்று வரையத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தது.

நாற்பது கடந்த ஆண்பிள்ளை!

ஷாத்லிக்கு முதலில் எழுந்தது துக்கமன்று, அருவருப்பே. வாழ்ந்த நாளெல்லாம் கோமாளியாக இருந்தவன், செத்தும் அப்படியே கிடக்கிறான் என்று அவருக்குத் தோன்றிற்று.

வணிகத்துக்குப் பெயர்போன ஸ்ஃபாக்ஸ் நகரில் ஒருவன் கடை வைத்திருந்தால் அதை இரண்டாக்குவதற்கே கண்விழிப்பான். நூரியோ இருந்த ஒரே மொபெட் உதிரிபாகக் கடையையும் வெயில் தாழுமுன் இழுத்து மூடிவிட்டு வீட்டுக்கு ஓடுவான். அங்கே பிள்ளைகளோடு அவனுக்கு உத்தியோகம் பல. குதிரையாவான், ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளியாவான், மேசைவிரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாவான். நீதிமன்றப் பதிவாளராக இருந்த காலத்தில் ஷாத்லி ஒருமுறை நீதிபதி ஒருவரை அங்கே அழைத்துச் சென்றார். கதவைத் திறந்த நூரியின் தலையில் குஸ்குஸ் அவிக்கும் சட்டி கவிழ்ந்திருந்தது.

"அண்ணே, இப்ப நான் ராஜா. நீங்க ரெண்டு பேரும் குனிஞ்சுதான் உள்ள வரணும்."

நீதிபதி சிரித்தார், குனிந்தும் வந்தார். அந்தச் சிரிப்பை ஷாத்லி இன்றளவும் மன்னிக்கவில்லை.

அவருடைய பிள்ளைகள் அவர் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கும்படி வளர்க்கப்பட்டவர்கள். இப்பொழுது இருவரும் கடல் கடந்து லியோனில் இருக்கிறார்கள். காலையில் தொலைபேசியில் இரங்கல் தெரிவித்தார்கள். குறை சொல்ல இடமில்லாத சொற்களில்.

"ஒரு கத்தி கொடுங்க. நானே சுரண்டி எடுத்துடறேன்," என்றார் ஷாத்லி.

"கத்தியா? வேணாம்யா." மப்ரூக் பாதங்களின்மேல் துணியை இழுத்துவிட்டார். "உயிரோட இருக்கறவங்களுக்கு வலிக்கிற மாதிரியே இவங்களுக்கும் வலிக்கும். ஆனா இத இப்படியே விடவும் முடியாது. பூச்சு இருந்தா நகத்துல தண்ணி படாது. படலன்னா குளிப்பாட்டினதாவே ஆகாது. வீட்டுப் பொம்பளைங்ககிட்ட இதத் துடைக்கிற தண்ணி இருக்கும், கேட்டு வாங்கியாங்க."

"வெளிய யாருக்கும்..."

"நான் எத்தனையோ உடம்பு பாத்தாச்சு. ஒண்ணையும் வெளிய சொன்னதில்ல."

ஷாத்லிக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. தெருவில் வாடகை நாற்காலிகளில் ஊர்ப்பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்கு எவனையேனும் அனுப்பினால் எதற்கென்று சொல்லியாக வேண்டும். நண்பகல் தொழுகைக்குள் உடலை ஜனாஸாவில் ஏற்றிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுசேர்த்தாக வேண்டும். இல்லையெனில் தாமதம் ஏன் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் விடையும் வெளியே வரும். அவ்விடை தம் குடும்பப் பெயரோடு காலமெல்லாம் காப்பிக்கடைகளில் கிடந்து சிரிப்பாய்ச் சிரிக்கும்.

பெண்கள் அமர்ந்திருந்த அறையின் வாசலில் நின்று, தம்பி மனைவி வஸீலாவை அழைத்தார். அவள் கண்கள் வீங்கியிருந்தன. அவர் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். உடனே முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம் போட்டுக்கிட்டார், பெரிய மச்சான். மக ஸிரீன் போட்டுவிட்டா."

"காலையில துணி போத்தினியே, அப்ப கண்ணுல படலியா?"

"பட்டுச்சு."

"அப்புறம்?"

வஸீலா கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "துடைக்கிற தண்ணி அவகிட்டதான் இருக்கு. ஒளிச்சு வச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை அவ தம்பி பொறந்தநாள் முடியற வரைக்கும் துடைக்கக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா," என்றாள்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகளுக்கிடையே படுக்கை விரிப்பைக் கட்டி ஒரு கூடாரம் நின்றது. துக்க வீட்டில் அதை அவிழ்த்தெறிய ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே இவ்வீட்டின் இலட்சணம் என்று எண்ணியவராய் ஷாத்லி அதன் முன் குந்தினார். உள்ளே ஆறு வயது ஸிரீன் அமர்ந்திருந்தாள். மடியில் அவள் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

"வெளிய வா."

"நீங்க உள்ள வாங்க, பெரியப்பா. செருப்பக் கழட்டிட்டு வாங்க. இது வீடு."

"அந்தச் சீசாவக் கொடு. அப்பாவக் குளிப்பாட்டணும்."

"குளிச்சா போவாது. இது ஒசத்திச் சாயம்."

"அதனாலதான் கேக்கறேன்."

"ஞாயித்துக்கிழமைதான் துடைக்கணும். அப்பா சத்தியம் பண்ணாரு."

தம் வாழ்நாளில் எண்ணற்ற சத்தியங்களுக்குச் சாட்சியாக நின்று, அவற்றுள் பெரும்பாலானவை பொய் என்று அறிந்திருந்த ஷாத்லி, பொறுமையிழந்தார்.

"செத்துப்போனவன் பண்ண சத்தியம் செல்லாது."

சொன்ன பிறகு அச்சொல் சற்றுக் கடுமையாக ஒலித்தது அவருக்கே கேட்டது. ஸிரீன் அழவில்லை. சட்டத்தை நன்கு அறிந்த ஒருவரிடம் ஐயம் கேட்பவளைப்போல அவரை உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசம்தான்."

அவள் தம்பியின் தலையை மெல்லத் தலையணைக்கு மாற்றிவிட்டு, அதன் உறைக்குள் கையை விட்டுச் சீசாவை எடுத்தாள்.

"ஆனா நான்தான் துடைப்பேன். நீங்க முரட்டுத்தனமாத் தேய்ப்பீங்க. அம்மா தேய்ச்சாலே கத்துவாரு."

"அங்க சின்னப் பிள்ளைங்க வரக் கூடாது. கொடு இப்படி."

அவள் சீசாவை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். பிடுங்கினால் அலறுவாள், அலறினால் தெருவில் உள்ளவர்கள் எழுந்து வருவார்கள். ஆறு வயதுச் சிறுக்கியிடம் தோற்று நிற்கும் நிலைக்குத் தம்மைக் கொண்டுவந்து விட்ட நூரியை மனத்துக்குள் வைதுகொண்டே, ஷாத்லி அவளை முன்னே நடக்கவிட்டுப் பின்னே சென்றார்.

மப்ரூக் பாதங்கள் மட்டும் தெரியும்படி போர்வையைச் சீராக்கினார். "வாம்மா, பக்கத்துல வா," என்றார்.

ஸிரீன் தந்தையின் முகம் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். அங்கே துணிதான் இருந்தது. அவள் பலகையின் காலடியில் மண்டியிட்டுப் பஞ்சைப் பிய்த்து, சீசாவைக் கவிழ்த்து நனைத்தாள். காரமான நெடி அறை முழுதும் பரவியது. பெருவிரலில் பஞ்சை வைத்து, அழுத்தாமல், வட்டமாகத் தேய்த்தாள். பாதிப் பூ முதலில் போயிற்று. பஞ்சு சிவந்தது. நகம் வெளுப்பாக, சற்று நீலம் பாய்ந்து தெரிந்தது. அதைக் கண்டு அவள் கை ஒரு கணம் நின்றது. பின்பு அடுத்த விரலுக்கு நகர்ந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். "ஷாத்லி அண்ணே, தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாங்க. இன்னும் என்ன பண்றீங்க?"

"இரு," என்றார் ஷாத்லி.

ஸிரீன் சுண்டுவிரலுக்கு வந்ததும் பஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பினாள்.

"பெரியப்பா, காலப் புடிச்சுக்கோங்க."

"எதுக்கு?"

"இங்கதான் அப்பாவுக்கு ரொம்பக் கூச்சம். வெடுக்குன்னு இழுத்துக்குவாரு. போன வாட்டி என் மூக்குலயே உதச்சிட்டாரு."

மப்ரூக் வாளிப்பக்கம் திரும்பி, முன்னமே பார்த்திருந்த வெந்நீரின் சூட்டை மறுபடி விரலால் பார்க்கலானார்.

ஷாத்லி பலகையின் அருகே மண்டியிட்டுத் தம்பியின் கணுக்காலில் கை வைத்தார்.

"ஒரு கையால புடிச்சா நிக்காது. ரெண்டு கையாலயும். இறுக்கமா."

அவர் சட்டையின் கைப்பட்டிப் பித்தான்களைக் கழற்றி, மடித்துவிட்டுக்கொண்டார். இரண்டு கைகளாலும் அந்தக் காலைப் பற்றி, உதைக்கப் போகிறவனை அமுக்கிப் பிடிப்பதைப்போல், பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

"ம். இப்பத் துடை."