யோப் ஹெரிங்காவின் நீர்மட்டம்

யோப் ஹெரிங்கா பியானோவில் சோகப் பாட்டு வாசித்தால் ஸ்லூட்டர்டாம் கால்வாயில் தண்ணீர் ஒரு சாண் ஏறும். சிரிப்புப் பாட்டு வாசித்தால் இறங்கும். போர் முடிந்து சர்க்கரைக்கு ரேஷன் நீங்கிய வருஷத்தில் இது முதலில் தெரியவந்தது. ஒரு வெங்காயப் படகு பாலத்துக்கு அடியில் நுழைந்த நேரத்தில் யோப் சோகம் வாசிக்க, படகு மேலே எழும்பிப் பாலத்தில் மாட்டிக்கொண்டது. அவர் போல்கா என்கிற துள்ளாட்ட மெட்டுக்கு மாறியதும் கழன்று போனது. படகுக்காரர் யோப்பின் மாடி ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிவிட்டு ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கி வைத்துப் போனார். அதோடு ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

யோப் காபரேக்காரர். காபரே என்றதும் காலைத் தூக்கி ஆடுவதை நினைக்கிறவர்கள் வேறு ஊரைப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் மேடையில் நின்று மந்திரியையும் பாதிரியாரையும் மாமியாரையும் வாங்கு வாங்கென்று வாங்குவார், நடுநடுவே பாடுவார். இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசிப்பார். அவ்வளவுதான். ஆனால் கடைசிக்கு முந்திய பாட்டு மட்டும் சோகமாக இருந்தாக வேண்டும். இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு ஒரு தடவைகூட அழாமல் வீட்டுக்குப் போனால் எங்கள் சனங்களுக்கு ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கும். ஊரோ கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற ஊர். ஆகவே கரையையும் கால்வாயையும் கவனிக்கிற நீர்வாரியம் கூடியது. வாரியம் கூடினால் வட்டமாக நாற்காலி போடுவார்கள், ஆளுக்கு ஒரு காப்பி, ஒரே ஒரு பிஸ்கட், பிறகு டப்பாவை மூடிவிடுவார்கள். எல்லோரும் சரி என்கிறவரை யாரும் எழுந்திருக்க முடியாது. ஒரு சோகத்துக்கு இரண்டு போல்கா என்று முடிவாயிற்று. வாரியத் தலைவர் மெய்னெர்ட் ட்ராயர் நிகழ்ச்சி நாட்களில் அளவுகோலோடு கால்வாயோரம் நின்றார். வறண்ட கோடைகளில் விவசாயிகள் யோப் வீட்டுக்கே வந்து, "இந்த வாரம் ரெண்டு சோகம் சேத்துப் போடுங்க, கிழங்கு வாடுது" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

மேடையில் பாடியவள் ஃபெம்கே ஸ்வார்ட். அவள் நாக்குக்கு ஊரே பயப்படும். யோப் போட்ட மெட்டெல்லாம் அவளுக்காகப் போட்டது. அவளை அவர் காதலித்தார். இது மீன்கடைக்காரருக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், தபால்காரரின் நாய்க்குக்கூடத் தெரியும். அவளிடம் சொல்ல வேண்டியவர் மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் இப்படித்தான்; ஜன்னலுக்குத் திரை போடாமல் சோற்றுத் தட்டு வரைக்கும் தெருவுக்குக் காட்டுவார்கள், மனசுக்கு மட்டும் மூன்று பூட்டு. இப்படியே இருபது வருஷம் போயிற்று, இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. அப்போதுதான் ஹில்வெர்சம் வானொலியிலிருந்து ஃபெம்கேயைக் கூப்பிட்டார்கள். அங்கே வேறு பியானோக்காரர் இருந்தார். அவளும் சரி என்றுவிட்டாள்.

கடைசி நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைசிக்கு முந்திய பாட்டுக்கு நேரம் வந்ததும், யோப் யாரும் கேட்டிராத ஒரு மெட்டை எடுத்தார். அதற்கு வார்த்தை இல்லை. ஃபெம்கே பியானோவில் சாய்ந்து நின்று கேட்டாள். பாதி மெட்டில் தண்ணீர் வாசல் வழியே உள்ளே வந்தது. முதல் வரிசைக்காரர்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். எழுந்து நின்றால் பின்வரிசைக்கு மறைக்குமே என்று யாரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் கணக்குப்படி போல்காவுக்குக் கை வைத்தார் யோப். சவ ஊர்வலத்துக்கு வாசிக்கிற மாதிரி வந்தது. தண்ணீர் இன்னும் ஏறியது. திங்கட்கிழமை ரயில் தண்டவாளம் முழுகிவிட்டது, வயல்கள் ஏரியாயின, ஃபெம்கே பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு மாடியிலேயே மாட்டிக்கொண்டாள்.

வாரியம் படகுகளில் வந்து அவள் மாடியறையில் வட்டமாக உட்கார்ந்தது. காப்பி முடிந்து, ட்ராயர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, கிழங்கு அழுகுதும்மா. நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணி அந்த ஆளைக் கட்டிக்கிட்டீங்கன்னா வாரியத்துக்கு உபகாரமா இருக்கும். ஏகமனதா முடிவு பண்ணிட்டோம்."

"ஏகமனதாவா? ரொம்ப நல்லா இருக்கு! உங்க உருளைக்கிழங்குக்கு நான் கழுத்தை நீட்டணுமா? அது கிடக்கட்டும், அந்த ஆள் என்னைக் கேட்டாரா?"

வாரியத்தார் கரை உயரம், மதகு, பம்பு, கல்யாணத் தேதி எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். இதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. உடனே படகைத் திருப்பிக்கொண்டு யோப் வீட்டுக்குப் போனார்கள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"யோவ், அவங்களைக் கேட்டியா இல்லியா?"

"இல்ல."

"இருபது வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"அதான் பாட்டெல்லாம் போட்டேனே."

"எது, பல் டாக்டர் பாட்டும் ட்ராம் வண்டிப் பாட்டுமா? அதுல எவளுக்கய்யா புரியும்!" ட்ராயர் தலையில் அடித்துக்கொண்டார். யோப்பைத் தூக்கிப் படகில் போட்டு ஃபெம்கேயின் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெருவில் ஜன்னலுக்கு நாலு தலை.

"ஃபெம்கே, என்னைக் கட்டிக்கிறியா?"

"மாட்டேன் யோப். நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"சரி."

"கோவமா?"

"இல்ல. கேட்டுட்டேன்ல."

அவர் முகத்தில் இருபது வருஷச் சுமை இறங்கியதை அந்தத் தெருவே பார்த்தது. நேராக வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் பட்டாணி சூப் கொதிக்கிறவரை போல்கா போல்காவாக வாசித்துத் தள்ளினார். வயல் வடிந்தது, தண்டவாளம் தெரிந்தது, கால்வாய் அடிவரை காலியாகி எங்கள் சனங்கள் தொலைத்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. ஆளாளுக்கு இறங்கித் தங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். சிலர் தங்களுடையதைவிட நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஃபெம்கே ரயிலேறிவிட்டாள்.

அதற்குப் பிறகு யோப் எதை வாசித்தாலும் தண்ணீர் அசையவில்லை. ட்ராயர் பழக்கதோஷத்தில் அளவுகோலோடு வந்து நின்றுவிட்டு, முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். யோப் ஊரார் வீட்டுப் பிறந்தநாள்களுக்கு வாசித்தார், நன்றாகச் சாப்பிட்டார், இளைத்துப்போனார்.

ஹில்வெர்சம் மணல்மேட்டு ஊர். அங்கே ஃபெம்கேக்கு மூன்றாம் மாடியில் வீடு. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த வார்த்தையில்லா மெட்டை முனகினாள். திரும்பிப் பார்த்தால் கம்பளம் ஊறியிருந்தது. அடுத்த தடவை நாற்காலிகள் மிதந்தன, பூனை அலமாரிமேல் ஏறிக்கொண்டது. நகரசபை ஆளைக் கூப்பிட்டாள். அவர் பூட்ஸோடு வந்து, குனிந்து, ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். "குழாய்த்தண்ணி இல்லம்மா. மழையும் இல்ல. இது தாழ்ந்த நிலத்துக் கால்வாய்த்தண்ணி. மூணாவது மாடிக்கு வர்ற கால்வாய் எங்க துறையில வராது." அவர் போனபிறகு ஃபெம்கே முனகுவதை விட்டாள். சும்மா நினைத்தாலே தண்ணீர் வந்தது. ஆண்டவனே, இத்தனை நாளாக அந்த ஆள் இதைத்தான் சுமந்துகொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாரா என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு ரயிலேறினாள்.

யோப் கதவைத் திறந்தார்.

"உன் பாட்டு என் வீட்டையே நாசம் பண்ணிடுச்சுய்யா!"

"மன்னிச்சுக்கோ."

"மன்னிப்பு யார் கேட்டா? இப்ப நான் கேக்குறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன்" என்றார் யோப். வாழ்க்கையில் அவர் உடனே சொன்ன ஒரே பதில் அதுதான்.

கல்யாணமாகிப் பல வருஷமாயிற்று. ஃபெம்கே வேலை செய்யும்போது இன்னும் அந்த மெட்டை முனகுகிறாள், அதனால் அவர்கள் வீட்டில் எப்போதும் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. வாரியம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்று போய்விட்டது. அவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் உட்காருகிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் யாரும் குறை சொல்வதில்லை.